ஏழு புள்ளி நான்கு

வழக்கு எண் காட்டும் பலகையில் பதினொன்று மாறிப் பன்னிரண்டு வந்தது. அங்கயற்கண்ணியின் வழக்கு முப்பத்தெட்டு. இன்னும் இருபத்தாறு. ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தாலும் ஐம்பத்திரண்டு நிமிடம், அதற்குள் மடியில் இருக்கும் வழக்குத்தாள் கட்டை இன்னொரு முறை முதலிலிருந்து புரட்டிவிடலாம், புரட்டத்தான் வேண்டும், டாக்டரின் சாட்சியத்தில் மஞ்சள் ஒட்டுத்தாள் இருக்கிறதா என்று பார்த்தாள், இருந்தது, பக்கம் ஏழு புள்ளி நான்கு. இல்லை, நூற்றுப் பதினெட்டு. நூற்றுப் பதினெட்டு, நூற்றுப் பதினெட்டு என்று உதட்டுக்குள் இரண்டு தடவை சொல்லிக்கொண்டாள். டெல்லி உச்ச நீதிமன்றத்தின் ஒன்பதாம் எண் அறையில், பின்னாலிருந்து இரண்டாவது வரிசையில், கறுப்பு கவுனை முழங்காலுக்கு மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏசி காற்று நேரே பிடரியில் அடித்தது. பத்தொன்பது வருஷமாக இந்தக் கட்டடத்துக்குள் வந்து போகிறாள், எந்த அறையில் எந்த நாற்காலியில் காற்று அடிக்காது என்று தெரியும், தெரிந்தும் இன்று இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்றால் காலையிலிருந்து மனசு அதன் இடத்தில் இல்லை. மதுரையில் படித்து, அங்கே நாலு வருஷம் வக்கீலாக இருந்து, இருபத்தெட்டு வயதில் இங்கே வந்தவள். அவளுடைய முழுப் பெயரை இந்த ஊரில் யாராலும் சொல்ல முடியவில்லை, அறை வாசலில் நிற்கும் சேவகர் முதல் பதிவகத்து ஆட்கள் வரை எல்லாருக்கும் கண்ணி மேடம். ஏழு புள்ளி நான்கு கண்ணி மேடம். காய்ச்சல் என்றால் நூற்று நான்கு வரும், பூகம்பம் என்றால் ஏழு புள்ளி நான்கு பெரிதுதான், ஊரே தரைமட்டமாகும். வக்கீலுக்கு ஏழு புள்ளி நான்கு என்றால் என்ன? நூறு பேர் நம்பி வந்தால் தொண்ணூற்றிரண்டரைப் பேர் நாசம். அந்த அரை ஆள் யார் என்று யோசித்தாள். சிரிப்பு வந்தது.

காலை எட்டேகாலுக்கு, மயூர் விஹாரிலிருந்து வரும் ஆட்டோ யமுனைப் பாலத்தில் ஏறியபோது அந்தப் பெண் கூப்பிட்டாள். பெங்களூர் நிறுவனம். உச்ச நீதிமன்றத்தில் வாதாடுகிற வக்கீல்களையும் வக்கீல் நிறுவனங்களையும் பத்து வருஷத் தீர்ப்புகளை வைத்து அளந்து, யார் எத்தனை வென்றார், எத்தனை தோற்றார் என்று தரவரிசை போடுவது அவர்கள் வேலை. “மேம், குட் மார்னிங், ஹரிணி பேசறேன். மெயில் பாத்தீங்களா? தொண்ணூத்தஞ்சு கேஸ்ல ஏழு ஜெயிச்சிருக்கீங்க. ஏழு புள்ளி நாலுன்னு வருது.” குரலில் கேலி இல்லை, ரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்கிற மாதிரி ஒரு கனிவுதான் இருந்தது, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. “ஆனா மேம், இதுல அறுபத்தெட்டு இலவச சட்ட உதவி கேஸ். ஜெயில்ல இருந்து வர்ற மனு. அதுல ஒண்ணுதான் ஜெயிச்சிருக்கு. அதெல்லாம் நீங்களா எடுத்தது இல்லையே, உங்களுக்கு ஒதுக்கினது. நீங்க சரின்னா அதை எல்லாம் கணக்குல இருந்து எடுத்துடலாம். எடுத்துட்டா இருபத்தேழுல ஆறு. இருபத்திரெண்டு வந்துடும் மேம். ஒரு மணிக்கு லிஸ்டை மூடறோம்.” வெளியே யமுனை கறுப்பாக, நுரையோடு, ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாமல் கிடந்தது. “எடுத்துட்டா அவங்க எங்க போவாங்க?” என்று கேட்டாள் அங்கயற்கண்ணி. “யாரு மேம்?” “ஒண்ணுமில்லம்மா. ஒரு மணிக்குள்ள சொல்றேன்.” போனை வைத்த பிறகுதான் ஏன் அப்படிக் கேட்டோம் என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. அறுபத்தெட்டு பேரும் எங்கே போவார்கள், இருக்கிற இடத்தில்தான் இருப்பார்கள். கம்பிக்குப் பின்னால். அட்டவணையில் வரிசை இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலை ஆறு மணிக்கு அவர்களை எண்ணுவார்கள், மாலை ஆறு மணிக்கு எண்ணி அடைப்பார்கள்.

பதினாறு. பக்கத்து நாற்காலியில் தாணுலிங்கம் வந்து உட்கார்ந்தான். நாகர்கோவில்காரன், அவள் வந்த அதே வருஷம் டெல்லிக்கு வந்தவன், இப்போது பெரிய நிறுவனம் ஒன்றில் பங்குதாரர், பட்டியலில் நாற்பதாவது இடம். நீதிபதிகள் காதில் விழாதபடி வாயை அதிகம் அசைக்காமல் பேசும் கலை இந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் வரும். “சொல்லிட்டியா அந்த பெங்களூர்க்காரங்கட்ட?” என்றான், காலையில் வராந்தாவில் அவனிடம் சொல்லியிருந்தாள். “இல்ல.” “என்னத்துக்கு இல்ல? நீ என்ன, பொய்யா சொல்லப் போறே? அவங்களே எடுக்கலாம்னு சொல்லுதாங்க. அந்த இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் இருபதுக்குக் கீழ இருந்தா பேரையே பாக்க மாட்டான், கண்ணி. அவன் பேனல்ல வந்துட்டா வருஷத்துக்கு அறுபது கேஸ். நீ பேப்பர் கட்டைத் தூக்கிட்டு அஞ்சு கோர்ட்டுக்கு ஓட வேண்டாம்.” அவன் சொன்னதில் ஒரு சொல்லும் தப்பில்லை. அதுதான் தாணுவிடம் உள்ள சங்கடம், எப்போதும் சரியாகச் சொல்வான். “உன் கேஸ் எப்ப?” என்றாள். “இருபத்திரெண்டு. நம்ம சீனியர் வாராரு.” கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டு முன்வரிசைக்குப் போனான். கணவனாக இருந்த மகேந்திரனும் இதைத்தான் வேறு மாதிரி சொல்வான், பிரிந்து போவதற்கு முன்னால் இரண்டு வருஷம் இதையேதான் சொன்னான், நீ தோற்கிறதுக்கென்றே தேடிப் பிடித்து கேஸ் எடுக்கிறாய், தோற்றுவிட்டு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாய், உனக்கு அது ஒரு ருசி. ருசியா? ஒரு நாளும் ருசித்ததில்லை. தோற்ற நாளில் நாக்கில் பித்தளைச் செம்பை நக்கியது போல ஒரு களிம்பு, இரவு சாப்பாடு வரை போகாது. ஆனால் அவன் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்குமோ என்ற பயம் மட்டும் ஒன்பது வருஷமாகப் போகவில்லை, அவன் போன பிறகும் அது வீட்டிலேயே தங்கிவிட்டது. வென்ற ஏழில் ஒன்று எப்படி வென்றது என்று அந்த ஹரிணிக்குத் தெரியுமா? எதிர்த்தரப்பு வக்கீல் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். இரண்டு மாடிக்கு நடுவில் இருபது நிமிடம். அதற்குள் வழக்கு கூப்பிடப்பட்டு, இவள் எழுந்து நின்று, மறுத்துப் பேச ஆள் இல்லாமல் உத்தரவு வாங்கிவிட்டாள். வெற்றி என்று எழுதியிருக்கிறார்கள். லிஃப்டுக்கு அல்லவா எழுத வேண்டும்.

பத்தொன்பது. கட்டுக்கு அடியில் மறைத்துப் போனைத் திறந்து அந்த அட்டவணையை எடுத்தாள். சொல்வதென்றால் பார்த்துவிட்டுத்தானே சொல்ல வேண்டும், பார்க்காமல் சரி என்றும் சொல்லக்கூடாது, இல்லை என்றும் சொல்லக்கூடாது. பெயர், வழக்கு எண், ஆண்டு, முடிவு. விரலால் தள்ளத் தள்ள வரிசைகள் மேலே போயின. தள்ளுபடி, தள்ளுபடி, தள்ளுபடி. ஒவ்வொரு பெயருக்கும் அவளிடம் ஏதோ ஒன்று இருந்தது, ஒருவன் சிறையிலிருந்து கோடு போடாத தாளில் முத்து முத்தாக எழுதிய கடிதம், ஒருத்தியின் மகள் ஒவ்வொரு தீபாவளிக்கும் அனுப்பும் குறுஞ்செய்தி, ஒருவனுக்கு எழுத்தே தெரியாது, ஆனால் பெருவிரல் ரேகையை அவ்வளவு சுத்தமாக வைத்திருந்தான். இவன் சேலம், இவன் கடலூர், இந்தப் பெண் வேலூர், இவன் செத்துப்போனான். விரல் நாற்பத்துநான்காம் வரிசையில் நின்றது. வேலுச்சாமி. இரண்டாயிரத்துப் பதினேழு. தள்ளுபடி. யார் இது? எந்த ஊர்? என்ன செய்தான்? ஒன்றுமே வரவில்லை. முன்னும் பின்னும் உள்ள வரிசைகளில் ஆட்கள் நின்றார்கள், நடுவில் இந்த ஒன்று மட்டும் வெறும் கோடு. வேலுச்சாமி, வேலுச்சாமி என்று மனசுக்குள் கூப்பிட்டுப் பார்த்தாள், கூட்டத்தில் தொலைந்த பிள்ளையைக் கூப்பிடுவது போல. ஒரு மனுஷனுக்கு ஆயுள் தண்டனை, அவனுக்கு இந்த நாட்டில் இருந்த கடைசிக் கதவு இந்தக் கட்டடம், அந்தக் கதவைத் தட்டப் போனவள் இவள், தட்டியதாகவே நினைவில்லை. பிடரியில் காற்று அடித்துக்கொண்டே இருந்தது. தவறாக எழுதியிருப்பார்கள், வேறு யாருடைய வழக்கோ தன் பெயரில் ஏறியிருக்கும் என்று ஒரு நிமிடம் ஆறுதலாக நினைத்தாள். அந்த ஆறுதல் நிற்கவில்லை.

இருபத்திரண்டு. அறையில் ஒரு சின்ன சலசலப்பு, தாணுவின் சீனியர் உள்ளே வந்தார். வெள்ளைத் தலை, தளர்ந்த நடை, பின்னால் ஐந்து பேர் கட்டுகளோடு. அந்த நடைக்கு ஒரு நிமிடத்துக்கு என்ன விலை என்று வெளியே வராந்தாவில் பேசிக்கொள்வார்கள். மூத்த நீதிபதி நிமிர்ந்து பார்த்துப் புன்னகைத்தார். சீனியர் மூன்று வாக்கியம் பேசினார். மூன்றே மூன்று. நோட்டீஸ் என்றார் நீதிபதி, அதாவது எதிர்த்தரப்பைக் கூப்பிட்டு முழுசாகக் கேட்கிறோம் என்று அர்த்தம், இங்கே நூற்றுக்குத் தொண்ணூறு மனுக்கள் அதுகூட இல்லாமல் வாசலோடு திரும்பிப் போகின்றன. முகத்துக்காகக் கொடுத்தார்கள் என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். அங்கயற்கண்ணிக்கு அப்படித் தோன்றவில்லை. முகமும் இருக்கும், ஆனால் அந்த மூன்று வாக்கியம் நன்றாக இருந்தது. முதல் வாக்கியத்திலேயே தன் கட்சிக்காரர் செய்த தப்பை அவர் ஒப்புக்கொண்டுவிட்டார், அதற்கப்புறம் நீதிபதிகளுக்கு அவரை மடக்க ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. இதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாள். பொறாமைப்பட நேரமில்லை, இன்னும் பதினாறு வழக்குதான். ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஞானமுத்து அடித்தான். அதை மறைக்கக்கூடாது.

ஞானமுத்து தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத்தில் வேலை செய்தவன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு பங்குனி மாதம், வெயில் கண்ணைக் குத்தும் மத்தியானம், பாத்திக்குத் தண்ணீர் விடுவதில் கூட வேலை பார்த்தவனோடு வாய்ச்சண்டை. தாயைப் பற்றி ஒரு சொல். கையில் இருந்த உப்பு வாரும் பலகையைத் திருப்பி ஒரு அடி. ஒரே அடி. தலையில் பட்டது. ஆள் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்தான். கொலை, ஆயுள் தண்டனை, இரண்டு நீதிமன்றத்திலும் அதேதான். இங்கே மனுப்போட நானூற்றுப் பன்னிரண்டு நாள் தாமதம், ஏனென்றால் போடலாம் என்று அவனுக்குச் சொல்ல ஆள் இல்லை. அவன் மனைவி ஜெபக்கனி இன்னும் அதே உப்பளத்தில்தான் வேலை செய்கிறாள். நேற்று மாலை போனில் பேசினாள், பின்னால் காற்றின் சத்தம், உப்பைச் சரிக்கும் சரசரப்பு. “யம்மா, நாளைக்குத்தான? அவிய செஞ்சது தப்புதாம்மா. நான் இல்லன்னு சொல்லல. ஆனா அடிச்சிட்டு ஓடல பாத்துக்கோங்க. அடிபட்டவர அவியளே தோள்ல போட்டுத் தூக்கிட்டு ரோட்டு வரைக்கும் ஓடுனாவ. அந்த ரத்தந்தான் சட்டையில இருந்திச்சு. அதையே சாட்சியா வச்சு உள்ள தள்ளிட்டாவ. இதை யாராவது படிச்சாங்களாம்மா?” “நான் படிச்சிட்டேன், ஜெபக்கனி.” “நீங்க படிச்சா சரிதாம்மா.” அந்த ஒரு வார்த்தை இரவு முழுக்கக் காதிலேயே இருந்தது. நீங்க படிச்சா சரிதாம்மா. படித்திருக்கிறாள். நான்காம் சாட்சி, எழுபத்துமூன்றாம் பக்கம், குறுக்கு விசாரணையில் ஒரே ஒரு வரி, ஞானமுத்துதான் தூக்கிக்கொண்டு ஓடினான். டாக்டர், நூற்றுப் பதினெட்டாம் பக்கம், காயம் ஒன்று. மூன்று தடவை படித்திருக்கிறாள், எழுபத்துமூன்று, நூற்றுப் பதினெட்டு, நாற்பத்துநான்கு. நாற்பத்துநான்கு இந்தக் கட்டில் இல்லை. அது அந்த அட்டவணை.

இருபத்தொன்பது. கதவு திறந்தது, யாரோ ஒரு இளம் வக்கீல் பெண் மழையில் நனைந்த கவுனோடு மூச்சு வாங்க உள்ளே ஓடிவந்து சுவர் ஓரமாக நின்றாள். வெளியே மழை பிடித்திருக்கிறது போல. அவள் கவுனிலிருந்து ஈரத் துணியின் வாசம், நாய்க்குட்டி வாசம் மாதிரி ஒன்று, காற்றோடு வந்து மூக்கில் ஏறியது. அந்த வாசத்தோடு வேலுச்சாமி வந்துவிட்டான். ஆகஸ்ட் மாதம். பாராகம்பா சாலையில் ஒரு நடுவர் மன்ற வழக்கு, ஒரு சிமெண்டு ஆலைக்காக, காலையிலேயே ஆரம்பித்து இழுத்துக்கொண்டே போயிற்று. அதை விட்டு வர மனசில்லை, அப்படி ஒரு வழக்கு அவளுக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. அங்கிருந்து மழையில் ஓடி, செருப்பு வழுக்கி, நனைந்த கவுனோடு பதினோராம் எண் அறைக்குள் நுழையவும் அவள் வழக்கைக் கூப்பிடவும் சரியாக இருந்தது. கட்டை முழுதாகப் படித்திருக்கவில்லை. முந்தின நாள் முதல் பத்துப் பக்கம் பார்த்தாள், மீதியை ஆட்டோவில் படித்துக்கொள்ளலாம் என்று இருந்தாள், ஆட்டோவில் தண்ணீர் ஒழுகியது. நீதிபதி கேட்டார், அரிவாளைக் கைப்பற்றியதற்குச் சாட்சி சொன்னவர் பிறழ்ந்து, முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லிவிட்டாரா, இல்லையா? அவளுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம், இன்னொரு நாள் கேட்டிருக்கலாம். இல்லை மை லார்ட் என்று சொன்னாள். அவர் தலையை அசைத்தார், தள்ளுபடி, அடுத்த வழக்கு. நாற்பது விநாடி இருக்கும். மறுபடி அந்த மழையில் சிமெண்டுக்காரர்களிடம் ஓடினாள். அன்று ராத்திரிகூடக் கட்டைத் திறந்து அந்தச் சாட்சி பிறழ்ந்தாரா இல்லையா என்று பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும் அல்லவா. அதனால் பார்க்கவில்லை, பார்க்காததால் மறந்தது, மறப்பதற்கு எட்டு வருஷம் தேவைப்படவில்லை, ஒரு வாரத்தில் மறந்திருப்பாள்.

முப்பத்திரண்டு. கட்டின் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டாள். அந்தச் சிமெண்டு வழக்கில் ஜெயித்தாள் என்பதும் ஞாபகம் வந்தது, அதன் தொடர்ச்சி பிறகு இங்கேயே மேல்முறையீட்டில் வந்தபோதும் ஜெயித்தாள், அது அந்த ஏழில் ஒன்று. இப்போது ஒரு சொல் சொன்னால் போதும், சிமெண்டு ஆலை இருக்கும், வேலுச்சாமி போய்விடுவான். இருபத்திரண்டு சதவீதம். இந்த உலகத்தில் அங்கயற்கண்ணி என்பவள் வேலுச்சாமிக்காக நின்று தோற்றாள் என்று எழுதி வைத்திருக்கும் இடம் அந்த ஒரு வரிதான், அதையும் யாரோ பெங்களூரில் உட்கார்ந்து கணினியில் தட்டி வைத்திருக்கிறார்கள், அவள் வைத்திருக்கவில்லை. தாணு சொல்வது சரிதான், எடுப்பது பொய்யில்லை. அவர்கள் அனுமதிக்கிறார்கள். ஒதுக்கிய வழக்குதான். எல்லாம் சரி. ஆனால் தோற்றதில் எத்தனை தோற்க வேண்டியவை, எத்தனை அவளால் தோற்றவை? அதை அளக்க அந்த ஹரிணியிடம் அளவுகோல் இல்லை, அளக்கத் தெரிந்த ஒரே ஆள் இவள்தான், இவள் எட்டு வருஷம் அந்தப் பக்கமே திரும்பவில்லை. அறுபத்தெட்டையும் எடுத்துவிட்டால் இனி திரும்பவே வேண்டாம். அதுதான் வேண்டாம் என்று நினைத்தாள். பெரிய மனசால் இல்லை, யாருக்கும் நிரூபிப்பதற்கும் இல்லை, பல் வலிக்கும்போது எந்தப் பல் என்று தெரிந்தால் போதும் என்று இருக்குமே, அந்த மாதிரி. எந்தப் பல் என்று தெரிந்துவிட்டது. முப்பத்துநான்கு. போனை அணைத்துப் பையில் போட்டாள். இப்போது யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். இப்போது ஞானமுத்து மட்டும். எழுபத்துமூன்று, நூற்றுப் பதினெட்டு. முப்பத்தாறு கூப்பிட்டு ஆள் இல்லை. முப்பத்தேழு அரை நிமிடத்தில் தள்ளுபடி, அந்த வக்கீல் வாயைத் திறந்தபடி நின்றார்.

முப்பத்தெட்டு. எழுந்து முன்னால் போய் மைக்கின் அருகில் நின்றாள். மூத்த நீதிபதி கட்டைப் பார்த்தபடியே ஆங்கிலத்தில் கேட்டார். “நானூற்றுப் பன்னிரண்டு நாள் தாமதம். இரண்டு நீதிமன்றங்கள் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன. இதில் நாங்கள் பார்க்க என்ன இருக்கிறது?”

“என் கட்சிக்காரர் அடித்தார், மை லார்ட். அதை நான் மறுக்கவில்லை.”

அவர் நிமிர்ந்தார். “அப்புறம்?”

“இது கொலையா, கொலை ஆகாத மரணமா என்பது ஒன்றுதான் என் கேள்வி. நூற்றுப் பதினெட்டாம் பக்கம். காயம் ஒன்று.”

“தலையில்” என்றார் அவர்.

“தலையில்தான், மை லார்ட். ஆனால் அந்தப் பலகையை அவர் தேடிப் போய் எடுக்கவில்லை. காலையிலிருந்து அதை வைத்துத்தான் உப்பு வாரிக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே கையில் இருந்தது.”

பக்கத்தில் இருந்த இளைய நீதிபதி தாளைப் புரட்டினார். காகிதம் புரளும் சத்தம் அவ்வளவு பெரிதாகக் கேட்டது. “அடித்த பிறகு என்ன செய்தார்?” என்றார். இது அந்த மழை நாளில் கேட்ட கேள்வி போலவே சின்னக் கேள்வி. ஆனால் இந்த முறை அவளுக்குப் பதில் தெரியும். பதில் தெரிவது எவ்வளவு பெரிய காரியம் என்று அந்த ஒரு நொடியில் தோன்றியது. “காயம்பட்டவரைத் தோளில் போட்டுச் சாலை வரை தூக்கிக்கொண்டு ஓடினார், மை லார்ட். அரசுத் தரப்பின் நான்காம் சாட்சியே சொல்கிறார். எழுபத்துமூன்றாம் பக்கம், கீழிருந்து ஐந்தாவது வரி. இரண்டு தீர்ப்பிலும் இந்த வரியைப் பற்றி ஒரு சொல் இல்லை.” இளைய நீதிபதி எழுபத்துமூன்றைத் தேடினார், படித்தார், மூத்தவர் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார். இருவரும் கையால் வாயை மறைத்துக்கொண்டு பேசினார்கள். எண் பலகையில் முப்பத்தெட்டு அப்படியே நின்றது. ஒரு நிமிடம், இரண்டு. “எத்தனை வருஷம் உள்ளே இருக்கிறார்?” “பதினோரு வருஷம் ஒரு மாதம்.” மூத்தவர் எழுதுபவரைப் பார்த்தார். “தாமதம் மன்னிக்கப்படுகிறது. குற்றத்தின் தன்மை என்ன என்ற அளவில் மட்டும் நோட்டீஸ். ஆறு வாரம்.” குனிந்து வணங்கிவிட்டுத் திரும்பினாள். முன்வரிசையில் தாணு கண்ணை மட்டும் உயர்த்தினான்.

வராந்தாவில் மழைச் சாரல் தூண்கள் வரை வந்திருந்தது. பன்னிரண்டேகால். நின்றபடியே ஹரிணிக்கு எழுதினாள்: அறுபத்தெட்டும் இருக்கட்டும். எதையும் எடுக்க வேண்டாம். அனுப்பிய மறுகணம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் கதவைச் சாத்திக்கொண்டு போகிற சத்தம் காதில் விழுந்தது மாதிரி இருந்தது. வருஷத்துக்கு அறுபது. வருத்தம் இருந்தது, இல்லாமல் என்ன. அந்த வருத்தம் ஆறட்டும் என்று நிற்காமல் ஜெபக்கனியைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள், போனைக் கையிலேயே வைத்திருந்திருப்பாள். “யம்மா, ஜெயிச்சாச்சா?”

“இல்ல ஜெபக்கனி. ஜெயிக்கவும் இல்ல, தோக்கவும் இல்ல. அரசாங்கத்தைக் கூப்பிட்டு வச்சுக் கேக்கறோம்னு சொல்லியிருக்காங்க. ஆறு வாரம் ஆகும். தண்டனை குறையலாம், குறையாமலும் போகலாம்.”

“அந்தத் தூக்கிட்டு ஓடுனது?”

“நீதிபதி அந்த வரியைப் படிச்சார். நான் பார்த்தேன்.”

“பதினோரு வருசத்துல மொத தடவையா ஒருத்தர் படிச்சிருக்காவ” என்றாள் ஜெபக்கனி. “அவியட்டச் சொல்லணும். வெள்ளிக்கெழம செயிலுக்கு மனு பாக்கப் போறேன், அன்னைக்குச் சொல்லுதேன்.” வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டாள்.

தாணு சாப்பிடக் கூப்பிட்டதற்கு நீ போ, வருகிறேன் என்று சொல்லிவிட்டு, படி இறங்கிப் பழைய கோப்புகளைப் பார்வையிட விண்ணப்பம் கொடுக்கும் ஜன்னலுக்குப் போனாள். படிவத்தில் வேலுச்சாமியின் வழக்கு எண்ணைப் போனில் பார்த்து எழுதினாள். ஆள் இன்னும் உள்ளே இருந்தால் எந்தச் சிறை என்று கோப்பில் தெரியும், கடிதம் எழுதலாம், தண்டனைக் குறைப்புக்கு மாநில அரசிடம் மனுப் போடலாம், அதற்கெல்லாம் முன்னால் அந்தச் சாட்சி பிறழ்ந்தாரா இல்லையா என்று பார்க்க வேண்டும். பிறழ்ந்திருந்தால் அதைச் சொல்ல ஒரு முகம் வேண்டும், அதையும் தேடிக்கொள்ள வேண்டும். ஜன்னலுக்குள் இருந்தவர் கர்வால் மலைப்பக்கத்து வயதானவர், அவளை அறிந்தவர். படிவத்தைக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு படித்தார்.

“கண்ணி மேடம், இது முடிஞ்சுபோன கேஸ்” என்றார் இந்தியில். “எட்டு வருஷம் ஆச்சு. வக்கீலும் நீங்கதான். இப்ப எதுக்கு?”

“படிக்கணும்.”

“அப்பவே படிச்சிருப்பீங்களே.”

பின்னால் இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். அங்கயற்கண்ணி குரலைத் தாழ்த்தவில்லை.

“இல்லை” என்றாள்.